ஆசனம் மாறினால் ஆட்டம் மாறுமா?

அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர்களின் ஏற்றமும் வீழ்ச்சியும் தலைமையைப் பற்றிச் சொல்லும் பாடம்

ஜனவரி மாதத் தொடக்கத்தில், பதினெட்டு வாரங்களாக நடந்துவந்த அமெரிக்கத் தேசியக் கால்பந்து லீகின் முதற்கட்ட ஆட்டங்கள் ஒரு வார இறுதியோடு நிறைவெய்துகின்றன. அதை அடுத்த திங்கட்கிழமை, அந்தப் பருவத்தில் தோல்வியுற்ற அணிகள் சிலவற்றின் காரியாலயங்களில், உரிமையாளர் தம் தலைமைப் பயிற்சியாளரைத் தனியறைக்கு அழைத்து, அவருடைய உழைப்புக்கு நன்றி தெரிவித்து, அந்த நன்றியோடேயே அவரைப் பதவியினின்றும் விடுவித்துவிடுகிறார். நண்பகலுக்குள் செய்தி நாடெங்கும் பரவுகிறது. மாலைக்குள் அடுத்து வரப்போகிறவர் யார் என்ற ஊகங்கள் தொலைக்காட்சிகளை நிறைக்கின்றன. அமெரிக்க ரசிகர்கள் அந்த நாளைக் ‘கறுப்புத் திங்கள்’ என்று அழைக்கிறார்கள்.

அந்த நாளின் துயரம் ஒரே மனிதரோடு முடிவதில்லை. தலைமைப் பயிற்சியாளர் விலகினால் அவருக்குக் கீழ்ப் பணிபுரிந்த உதவிப் பயிற்சியாளர்களிற் பெரும்பாலோரும் உத்தியோகம் இழந்து, குடும்பத்தை அழைத்துக்கொண்டு வேறு நகரம் தேடிப் போக நேர்கிறது. இவ்வளவு பேரின் வாழ்க்கையைக் குலைக்கும் இந்த வழக்கத்தை, லீகின் 32 அணிகளிற் பல, ஆண்டு தவறாமல் கைக்கொண்டு வருகின்றன என்றால், ஆசனத்தில் அமர்பவரை மாற்றினால் ஆட்டமும் மாறிவிடும் என்ற அசையாத நம்பிக்கை அவற்றின் உரிமையாளர்களிடம் இருக்கவேண்டும். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா? 1920-இல் ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில் தொடங்கி ஒரு நூற்றாண்டைக் கடந்துவிட்ட இந்த லீகின் வரலாறே இக்கேள்விக்குத் தெளிவான விடை ஒன்றைத் தருகிறது என்பது என் துணிபு.

ஓரத்தில் நிற்கும் அதிகாரி

விடையைத் தேடுமுன், இந்த ஆட்டத்தில் பயிற்சியாளருக்கு ஏன் இத்தனை பெருமையும் இத்தனை பழியும் சேர்கின்றன என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். கிரிக்கெட்டில் பந்து வீசத் தொடங்கியபின் கேப்டனே அதிகாரி. நாம் கால்பந்து என்று அறிந்த ஆட்டத்தில் பந்து ஓயாமல் உருண்டுகொண்டிருப்பதால், ஓரத்தில் நிற்பவரின் சொல் வீரரின் காதில் விழுவதே அரிது. அமெரிக்கக் கால்பந்தோ ஒவ்வொரு முயற்சிக்கும் பின்னர் நின்றுவிடுகிறது. சில விநாடிகளே நீடிக்கும் ஒரு மோதல். அதன்பின், அடுத்த மோதலுக்கு ஆயத்தமாக 40 விநாடி அவகாசம். அந்த அவகாசத்தில், பதினொரு வீரர்களும் எங்கே நிற்பது, யார் யாரைத் தடுப்பது, யார் எந்தத் திசையில் ஓடுவது என்று முன்கூட்டியே வகுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான வியூகங்களுள் ஒன்றைப் பயிற்சியாளர் தேர்ந்தெடுக்க, அது வானொலி வழியாக, தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் என்ற வீரரின் தலைக்கவசத்துக்குள் ஒலிக்கிறது.

அன்றியும், ஒரு பருவத்தில் ஓர் அணி ஆடும் முதற்கட்ட ஆட்டங்கள் 17 மட்டுமே. பேஸ்பாலைப் போல் 162 ஆட்டங்கள் இருந்தால் இன்றைய தோல்வியை நாளை மறக்கலாம். பதினேழே ஆட்டங்கள் என்னும்போது ஒவ்வொரு தோல்வியும் ஒரு வாரம் முழுவதும் ஊர்வாயில் விழுந்து புரள்கிறது. 53 வீரர்களுக்கும், ஒரு சிறு கல்லூரியின் ஆசிரியர் குழாம் அளவுக்கு இருக்கும் உதவிப் பயிற்சியாளர்களுக்கும் பொறுப்பேற்று நிற்கும் ஒருவரே அந்தப் பேச்சுக்கு இலக்காகிறார். முழங்கால் முறிந்த குவார்ட்டர்பேக்குக்கு அவர் காரணமல்லர். ‘டிராஃப்ட்’ என்னும் இளம் வீரர் தேர்வில் தவறான ஆளைக் கொண்டுவந்தவர் பல அணிகளில் பொது மேலாளரே. 1994-இல் நடைமுறைக்கு வந்த ஊதிய உச்சவரம்பு, விரும்பிய வீரரையெல்லாம் வாங்க எவருக்கும் இடங்கொடுப்பதில்லை. ஆயினும் 53 பேரை ஒரே நாளில் மாற்ற முடியாது, ஒருவரை மாற்றலாம். பயிற்சியாளர் பதவி நீக்கங்களிற் பாதி இந்த எளிய கணக்கிலிருந்தே பிறக்கின்றன.

மூல புருஷர்

இன்றைய பயிற்சியாளர் என்ற உருவத்தைப் படைத்தவர் பால் பிரவுன். ஒஹையோவின் மசிலன் நகரப் பள்ளியிலும், பின்னர் அம்மாநிலப் பல்கலைக்கழகத்திலும் பயிற்றுவித்துப் பெயர்பெற்று, 1946-இல் கிளீவ்லண்டில் புதிதாக ஓர் அணியைக் கட்டியெழுப்பியபோது, அந்த அணிக்கு அவர் பெயரையே சூட்டி ‘பிரவுன்ஸ்’ என்று அழைத்தார்கள் என்பதிலிருந்தே அவருடைய கீர்த்தி விளங்கும். வீரர்களை வகுப்பறையில் உட்காரவைத்து, குறிப்பேடு கொடுத்து, எழுத்துத் தேர்வு நடத்தியவர் அவர். எதிரணியின் ஆட்டங்களைத் திரைப்படமாகப் பார்த்து ஆராய்வதை ஒரு முறையான சாஸ்திரமாக ஆக்கியவரும் அவரே. தலைக்கவசத்தில் வானொலி வைப்பதை 1956-இலேயே அவர் சோதித்துப் பார்க்க, லீக் அதைத் தடைசெய்தது; 38 ஆண்டுகள் கழித்து, 1994-இல், அதே லீக் அதை அனுமதித்தது. கறுப்பின வீரர்களுக்குத் தொழில்முறைக் கால்பந்தின் கதவுகள் அடைபட்டிருந்த காலத்தில், பில் வில்லிஸையும் மேரியன் மாட்லியையும் தம் முதல் பருவத்திலேயே அணியில் சேர்த்துக்கொண்டவர் அவர் என்பதையும் மறத்தலாகாது.

அத்தகையவரை 1963 ஜனவரியில், நகரத்துச் செய்தித்தாள்கள் வேலைநிறுத்தத்தால் வெளிவராதிருந்த வேளையில், ஈராண்டுகளுக்கு முன் அணியை வாங்கியிருந்த ஆர்ட் மாடெல் பதவிநீக்கம் செய்தார். நியாயமாகப் பேசுவதானால், அந்த மாற்றம் உடனடியாகத் தோற்றுவிடவில்லை. பிரவுனின் நெடுநாள் உதவியாளரான பிளான்டன் காலியர் பொறுப்பேற்று, 1964-இல் கிளீவ்லண்டுக்கு லீக் பட்டத்தைப் பெற்றுத் தந்தார். ஆனால் குரு திரட்டி வைத்த செல்வத்தைக் கொண்டு சிஷ்யர் நடத்திய வெற்றி அது. அதற்குப்பின் கிளீவ்லண்டுக்கு இன்றுவரை மற்றொரு பட்டம் வாய்க்கவில்லை.

பிரவுனின் ஞானம் அவரோடு கிளீவ்லண்டை விட்டு வெளியேறியது. அது சென்ற வழிகள் இரண்டு. அவ்விரண்டையும் பின்தொடர்ந்தால், இந்த லீகின் தலைமை வரலாற்றிற் பெரும்பகுதி நம் கண்முன் விரிகிறது.

ஒரு வெற்றி, பதின்மூன்று தோல்வி

முதல் வழி பிட்ஸ்பர்குக்குச் செல்கிறது. பிரவுனிடம் ஆறேழு ஆண்டுகள் ஆடியவர் சக் நால். ரூனி குடும்பத்துக்குச் சொந்தமான பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ், 1933-இல் பிறந்த நாள்முதல் ஒரு பட்டமும் பெறாது, பயிற்சியாளர்களை வரிசையாக மாற்றிப் பார்த்தும் பயன் காணாதிருந்த நிலையில், 1969-இல் 37 வயது நாலைத் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தியது. முதல் ஆட்டத்தில் அணி வென்றது. எஞ்சிய பதின்மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. அடுத்த ஆண்டு ஐந்து வெற்றிகள். அதற்கடுத்த ஆண்டு ஆறு. இன்றைய கறுப்புத் திங்கள் வழக்கம் அன்று அந்த வீட்டில் நிலவியிருந்தால், மூன்று பருவங்கள் தொடர்ந்து தோற்ற நாலின் பெயரை இன்று எவரும் அறியமாட்டார்கள்.

ஆனால் ரூனி குடும்பத்தார் வெற்றிகளை எண்ணிக்கொண்டிராமல், அணி எவ்வாறு உருவாகி வருகிறது என்பதைக் கவனித்தார்கள். நால் தாம் பெற்ற அணியைச் சிறுகச் சிறுகக் கலைத்து, டிராஃப்டில் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, ஆட்டத்தின் அரிச்சுவடியிலிருந்தே கற்பித்துக்கொண்டிருந்தார். 1969-இல் ஜோ கிரீன், 1970-இல் டெரி பிராட்ஷா, 1972-இல் ஃபிராங்கோ ஹாரிஸ் என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்தனர்; 1974-ஆம் ஆண்டின் ஒரே தேர்வில் மட்டும், பிற்காலத்தில் ‘புகழ் மண்டபத்தில்’ இடம்பெற்ற லின் ஸ்வான், ஜாக் லாம்பர்ட், ஜான் ஸ்டால்வொர்த், மைக் வெப்ஸ்டர் ஆகிய நால்வரையும் பிட்ஸ்பர்க் பெற்றது. அந்தப் பருவத்திலேயே, லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலில் முதல் பட்டம் கிடைத்தது. ஆறு ஆண்டுகளில் நான்கு பட்டங்கள்!

இதைவிட வியக்கத்தக்கது அதற்குப் பின் நடந்ததே. 1980-களின் நடுவிலும் இறுதியிலும் நாலின் அணி தளர்ந்தது. தோல்விப் பருவங்கள் வந்தன. ஆயினும் அவர் 23 பருவங்கள் பணியாற்றி, 1991-இன் இறுதியில் தாமே ஓய்வுபெற்றார். அவருக்குப்பின் 34 வயதில் வந்த பில் கௌவர், 1998 முதல் தொடர்ந்து மூன்று பருவங்கள் நாக்-அவுட் சுற்றுக்குத் தகுதிபெறாதபோதும் நீக்கப்படாமல், தம் பதினான்காம் பருவத்தில் பட்டம் வென்றார். அவருக்குப்பின் 2007-இல், அதே 34 வயதில், மைக் டாம்லின் வந்தார். இரண்டாம் பருவத்திலேயே பட்டம் பெற்றதோடு, 2024 முடிய ஒரு பருவத்திலேனும் வெற்றியைவிடத் தோல்வி மிகாதவாறு அணியை நடத்திச் சென்றார். 1969 முதல் 2024 வரை, அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்தில், பிட்ஸ்பர்க்கின் ஆசனத்தில் அமர்ந்தவர்கள் மூவரே. இதைப் பொறுமை என்று மட்டும் சொன்னால் போதாது. தாங்கள் யாரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருந்தது. காரணம் தெரிந்து செய்த தேர்வை ஒரு பருவத்துத் தோல்வி கலைத்துவிட முடியாது.

புறக்கணிக்கப்பட்ட சிஷ்யர்

பிரவுனின் ஞானம் சென்ற இரண்டாம் வழி, பிரவுனுக்கே வேதனை தந்த வழி. கிளீவ்லண்டிலிருந்து வெளியேற்றப்பட்ட பிரவுன் 1968-இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியை நிறுவினார். அங்கே எட்டு ஆண்டுகள் அவருக்கு உதவியாளராயிருந்து, குறுகிய தூரத்துக்குத் துல்லியமாகப் பந்தை எறிந்து எதிரணியைச் சிறிது சிறிதாகப் பின்தள்ளும் ஒரு புதிய தாக்குதல் முறையை வளர்த்தவர் பில் வால்ஷ். 1975 பருவத்தின் முடிவில் பிரவுன் பயிற்சிப் பொறுப்பிலிருந்து விலகியபோது, தமக்கே அந்த ஆசனம் கிடைக்கும் என்று வால்ஷ் எதிர்பார்த்தார். பிரவுனோ வேறொரு உதவியாளரைத் தேர்ந்தெடுத்தார். மனம் நொந்த வால்ஷ் சின்சினாட்டியை விட்டு அகன்றார்.

1979-இல் சான் ஃபிரான்சிஸ்கோ 49-யர்ஸ் அவரை அழைத்தது. முதல் பருவத்தில் இரண்டு வெற்றி, பதினான்கு தோல்வி. இரண்டாம் பருவத்தின் நடுவே தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் தோல்வி. உரிமையாளர் எட்டி டிபார்ட்டலோ அவரை நீக்கவில்லை. மூன்றாம் பருவத்தின் இறுதியில், 1982 ஜனவரியில், வால்ஷின் அணி சூப்பர் பௌல் இறுதிப்போட்டியில் பெங்கால்ஸை 26-21 என்ற கணக்கில் வென்றது. 1989 ஜனவரியில் மீண்டும் அதே இரு அணிகள் மோத, 20-16 என்று வென்று, மூன்று பட்டங்களோடு வால்ஷ் அந்த ஆசனத்திலிருந்து இறங்கினார். இரண்டு முறையும் எதிரணியின் தலைவராக இருந்து அந்தத் தோல்வியைக் கண்டவர் பால் பிரவுன். கிளீவ்லண்டில் தமக்கு இழைக்கப்பட்ட அநீதியின் வேறோர் உருவத்தை அவரே மற்றொருவருக்கு இழைத்தார்; அதன் பலனையும் அவரே அனுபவித்தார். தலைமையில் எத்தனை பெரிய ஞானியும், தமக்குப்பின் வரவேண்டியவரைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சையில் தவறக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

வால்ஷின் சீடர் மைக் ஹோம்கிரென்; ஹோம்கிரெனின் சீடர் ஆண்டி ரீட். ரீட் 1999 முதல் பதினான்கு பருவங்கள் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸை நடத்தி, ஐந்து முறை தம் பிரிவின் இறுதிப்போட்டிக்கு அழைத்துச் சென்றார். ஆனால் பட்டம் மட்டும் கிட்டவில்லை. 2012-இல் அணி நான்கு ஆட்டங்களில் மட்டும் வெல்ல, உரிமையாளர் ஜெஃப்ரி லூரி அவரை மரியாதையோடு விடுவித்தார். சில நாட்களுக்குள் கான்சாஸ் சிட்டி அவரை வரவேற்றது. முந்திய பருவத்தில் இரண்டே வெற்றி கண்டிருந்த அந்த அணி, ரீடின் முதல் பருவத்தில் தொடர்ந்து ஒன்பது ஆட்டங்களை வென்றது; பின்னர், 2017-இல் தேர்ந்தெடுத்த பேட்ரிக் மஹோம்ஸ் என்ற இளைஞரை ஓராண்டு காத்திருக்கவைத்துப் பயிற்றி, 2019, 2022, 2023 ஆகிய பருவங்களில் பட்டமும் வென்றது. ஈகிள்ஸும் நஷ்டமடையவில்லை. ரீடிடம் ஆடியும் பணிபுரிந்தும் பழகிய டக் பீடர்சன் 2017 பருவத்திலும், நிக் சிரியானி 2024 பருவத்திலும் அந்நகரத்துக்குப் பட்டம் பெற்றுத் தந்தார்கள். பிந்தியதில் 40-22 என்று வீழ்ந்தது ரீடின் அணியே. ஆகவே, மாற்றம் யாவும் தீது என்று நான் வாதிடவில்லை. நீண்ட காலம் வாய்ப்புக் கொடுத்து, இருவரும் தங்கள் எல்லையைத் தொட்டுவிட்டதை உணர்ந்து, பகையின்றிப் பிரிந்த பிரிவு அது; இரு தரப்புக்கும் நன்மை விளைந்தது.

டல்லாஸின் பிப்ரவரி

மாற்றத்தை ஆதரிப்போர் தவறாமல் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி 1989-இல் டல்லாஸில் நடந்தது. அதை விரிவாகவே நோக்குவோம். டல்லாஸ் கௌபாய்ஸ் அணி 1960-இல் பிறந்தபோதே அதன் பயிற்சியாளராக வந்தவர் டாம் லாண்ட்ரி. முதல் பருவத்தில் ஒரு வெற்றியும் இல்லை. ஐந்து பருவங்கள் தொடர்ந்து தோல்வியே மிகுந்தது. அவரை நீக்கவேண்டும் என்ற கூக்குரல் எழுந்த 1964-ஆம் ஆண்டில், உரிமையாளர் கிளின்ட் மர்ச்சிசன் அவருக்குப் பத்தாண்டு ஒப்பந்த நீட்டிப்பை வழங்கினார். அந்த ஒரு கையெழுத்தின் பலனாக, 1966 முதல் 1985 வரை தொடர்ந்து இருபது வெற்றிப் பருவங்களும் இரண்டு சூப்பர் பௌல் பட்டங்களும் டல்லாஸுக்கு வந்து சேர்ந்தன.

1988-இல் அணி மூன்று வெற்றியோடு தாழ்ந்திருந்தது. 1989 பிப்ரவரி 25 அன்று, சுமார் 14 கோடி டாலர் கொடுத்து அணியை வாங்கிய ஆர்கன்சாஸ் எண்ணெய் வர்த்தகர் ஜெரி ஜோன்ஸ், வாங்கிய அன்றே லாண்ட்ரியைச் சந்தித்து அவரை நீக்கினார். செய்தி அதற்கு முன்னரே பத்திரிகைகளில் வெளியாகிவிட்டிருந்தது. இருபத்தொன்பது பருவங்கள், தொப்பியும் கோட்டுமாக மைதானத்தின் ஓரத்தில் சலனமின்றி நின்ற அந்த மனிதருக்கு நேர்ந்த அவமானத்தைக் கண்டு நகரம் கொதித்தது. அவ்வாண்டு ஏப்ரலில் அவரைக் கௌரவிக்கத் திரளான மக்கள் டல்லாஸ் வீதிகளில் கூடி வழியனுப்பினார்கள்.

ஜோன்ஸ் அழைத்துவந்தவர், கல்லூரிக் காலத்தில் தம்மோடு ஒரே அணியில் ஆடிய ஜிம்மி ஜான்சன். முதல் பருவம்: ஒரு வெற்றி, பதினைந்து தோல்வி. ஆனால் அந்தப் பருவத்தின் நடுவிலேயே, தம் அணியின் ஒரே பெரிய நட்சத்திரமான ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டாவுக்குக் கொடுத்து, பதிலாக டிராஃப்ட் உரிமைகளின் பெரும் தொகுதியை ஜான்சன் பெற்றார். அவற்றைக் கொண்டு கட்டிய அணி 1992, 1993 ஆகிய இரு பருவங்களிலும் பட்டம் வென்றது.

எனவே மாற்றமே வென்றது என்று முடிவு கட்டலாமா? 1-15 என்ற பருவத்தைக் கண்டும் ஜோன்ஸ் ஜான்சனை நீக்கவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். மர்ச்சிசன் லாண்ட்ரிக்கும், ரூனி நாலுக்கும், டிபார்ட்டலோ வால்ஷுக்கும் கொடுத்த அவகாசத்தையே ஜோன்ஸும் ஜான்சனுக்குக் கொடுத்தார், அதனாலேயே வென்றார். பின்னர், வெற்றியின் பெருமை யாருடையது என்ற பூசல் இருவருக்குமிடையே வளர, 1994 மார்ச்சில், தொடர்ந்து இரண்டாம் பட்டம் வென்று இரண்டே மாதங்களில், ஜான்சன் விலகினார். அவர் கட்டிய அணியைக் கொண்டு பாரி சுவிட்சர் 1995 பருவத்தில் மேலும் ஒரு பட்டம் பெற்றார். அதற்குப்பின் கால் நூற்றாண்டுக்கும் மேலாக, எத்தனையோ பயிற்சியாளர்கள் வந்துபோயும், கௌபாய்ஸ் சூப்பர் பௌல் மேடையை எட்டவில்லை. மைதானத்தின் ஓரத்தில் முகங்கள் மாறின. உரிமையாளரும் பொது மேலாளருமாக ஜோன்ஸே நீடித்தார். 2023 டிசம்பரில், இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்தபின், ஜான்சனை அணியின் கௌரவ வரிசையில் சேர்த்து அவர் சமாதானம் செய்துகொண்டது நல்ல காரியமே. ஆனால் இழந்த காலத்தை எந்தச் சமாதானமும் திருப்பித் தரமாட்டாது.

கிளீவ்லண்டின் இரண்டாம் பிழை

பால் பிரவுனை நீக்கிய ஆர்ட் மாடெல், 1991-இல் பில் பெலிச்சிக் என்ற இளைஞரைத் தலைமைப் பயிற்சியாளராக்கினார். நான்காம் பருவத்தில் அணி பதினோரு வெற்றி கண்டு தலைநிமிர்ந்தது. 1995-இல், பருவத்தின் நடுவே, அணியைப் பால்டிமோருக்குப் பெயர்க்கப்போவதாக மாடெல் அறிவிக்க, ஊர் வெகுண்டது, ஆட்டம் குலைந்தது, பருவம் முடிந்ததும் பெலிச்சிக்கே பலியானார். 2000-இல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸின் உரிமையாளர் ராபர்ட் கிராஃப்ட், ஒரு முதற்சுற்று டிராஃப்ட் உரிமையை நியூயார்க் ஜெட்ஸுக்கு ஈடாகக் கொடுத்து அவரை அழைத்துக்கொண்டார். முதல் பருவத்தில் 5-11. மறு பருவத்தில், காயமுற்ற குவார்ட்டர்பேக்கின் இடத்தில் 199-ஆவது தேர்வாக வந்திருந்த டாம் பிரேடி இறங்க, அதிலிருந்து 2018 பருவம் முடிய ஆறு பட்டங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. ஒரே உரிமையாளர் இந்த லீகின் மிகச் சிறந்த பயிற்சியாளர்களுள் இருவரை வைத்திருந்தும் வெளியேற்றினார் என்பது சரித்திரம்.

1999-இல் கிளீவ்லண்டுக்குப் புதிய பிரவுன்ஸ் அணி வழங்கப்பட்டது. பழைய பாடம் மட்டும் வரவில்லை. இடைக்காலப் பொறுப்பாளர்களை விடுத்து எண்ணினாலும், 1999 முதல் 2019 வரை இருபத்தொரு பருவங்களில் ஒன்பது தலைமைப் பயிற்சியாளர்கள் அங்கே அமர்ந்தார்கள். அவர்களுள் ராப் சட்சின்ஸ்கியும் ஃபிரெடி கிச்சன்ஸும் ஒரு பருவத்தோடு அனுப்பப்பட்டார்கள். ஒவ்வொருவரும் தம் முறைக்கேற்ற வீரர்களைத் தேட, அடுத்தவர் வந்து அந்த வீரர்களை வேண்டாமென்று ஒதுக்க, எவருடைய அணியும் எவராலும் கட்டி முடிக்கப்படவில்லை. 2016, 2017 ஆகிய இரு பருவங்களில் ஆடிய 32 ஆட்டங்களில் அந்த அணி வென்றது ஒன்றே ஒன்று.

யாருக்கு வாய்ப்பு?

தலைமையைப் பற்றிப் பேசும்போது, தலைமை ஏற்கும் வாய்ப்பே மறுக்கப்பட்டவர்களை மறப்பது பெரும் குற்றம். 1920-களில் ஃபிரிட்ஸ் பொல்லார்டு என்ற கறுப்பினப் பயிற்சியாளர் இந்த லீகில் பணிபுரிந்தார். அவருக்குப்பின் மற்றொரு கறுப்பினத்தவர், ஆர்ட் ஷெல், தலைமைப் பயிற்சியாளராவதற்கு 1989 ஆகிவிட்டது. வீரர்களிற் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவராயிருக்கும் ஓர் ஆட்டத்தில் இது எத்தகைய அநியாயம்!

சக் நாலிடம் வீரராகவும் உதவியாளராகவும் பயின்ற டோனி டங்கி, நெடுங்காலம் தோல்வியிலேயே உழன்ற டாம்பா பே அணியை 1996-இல் ஏற்று, அதை லீகின் மதிப்பிற்குரிய அணிகளுள் ஒன்றாக உயர்த்தினார். உரத்த குரலின்றி, வசைமொழியின்றி, அமைதியாலேயே வீரர்களை ஆண்டவர் அவர். 2002 ஜனவரியில் அவர் நீக்கப்பட்டார். அடுத்த பருவத்திலேயே, அவர் உருவாக்கிய தற்காப்புப் படையோடு ஜான் குரூடன் பட்டம் வென்றார். டங்கியின் நீக்கமும், அதே காலத்தில் நிகழ்ந்த டெனிஸ் கிரீன் என்ற மற்றொரு கறுப்பினப் பயிற்சியாளரின் நீக்கமும் எழுப்பிய கண்டனத்தின் விளைவாக, பிட்ஸ்பர்க்கின் டான் ரூனி தலைமையில் அமைந்த குழுவின் முயற்சியால், தலைமைப் பயிற்சியாளர் பதவிக்குச் சிறுபான்மையினர் ஒருவரையேனும் நேர்காணவேண்டும் என்ற ‘ரூனி விதி’ 2003-இல் பிறந்தது. டங்கி இண்டியானாபொலிஸ் சென்று, 2007 பிப்ரவரியில், தம் முன்னாள் உதவியாளரும் கறுப்பினத்தவருமான லவி ஸ்மித்தின் சிகாகோ அணியை வென்று, சூப்பர் பௌல் வென்ற முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளரானார். டாம்பாவில் அவர் பயிற்றுவித்த உதவியாளர்களுள் ஒருவரே மைக் டாம்லின். பிரவுனிடமிருந்து நாலுக்கும், நாலிடமிருந்து டங்கிக்கும், டங்கியிடமிருந்து டாம்லினுக்கும் கைமாறி, தலைமை மீண்டும் பிட்ஸ்பர்க்குக்கே வந்து சேர்ந்தது.

ஆயினும் விதி கதவைத் திறக்கலாம். உள்ளே வந்தவருக்கு அவகாசம் தருவது உரிமையாளரின் மனம். பெலிச்சிக்குக்குப்பின் 2024-இல் நியூ இங்கிலாந்தின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளராக வந்த ஜெராட் மேயோ, 4-13 என்ற ஒரே பருவத்தோடு அனுப்பப்பட்டார். முந்திய பருவத்தில் பெலிச்சிக்கே பெற்றதும் அதே 4-13 தான். அத்தகைய அணியை ஏற்றவரை ஓராண்டில் எடைபோட்டது நீதியாகாது.

டெட்ராய்ட் கற்றது

இறுதியாக ஓர் ஆறுதலான உதாரணம். 2008-இல் பதினாறு ஆட்டங்களிலும் தோற்று வரலாறு படைத்த டெட்ராய்ட் லயன்ஸ், 2021-இல் டான் காம்பெலை அமர்த்தியது. முதல் பதினொரு ஆட்டங்களில் ஒரு வெற்றியும் இல்லை. இரண்டாம் பருவம் 1-6 என்று தொடங்கியது. அந்தச் சரிவின் நடுவே உரிமையாளர் ஷீலா ஃபோர்டு ஹாம்ப், 2022 அக்டோபரில், தாமே நிருபர்களின் முன்வந்து, காம்பெலின் மீது தமக்குள்ள விசுவாசத்தை வெளிப்படையாக அறிவித்தார். எஞ்சிய பத்து ஆட்டங்களில் எட்டை அணி வென்றது. 2024 ஜனவரியில், 32 ஆண்டுகளில் முதன்முறையாக நாக்-அவுட் ஆட்டம் ஒன்றில் டெட்ராய்ட் வெற்றிகண்டது. அடுத்த பருவத்தில் 15-2 என்ற சிறப்பை எய்தியது. பட்டம் இன்னும் கைகூடவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தலைகுனிந்திருந்த ஓர் ஊர் நிமிர்ந்து நிற்கிறது.

இவற்றையெல்லாம் ஒருசேர வைத்துப் பார்க்கையில் தோன்றும் தீர்ப்பு இதுவே: பயிற்சியாளரை மாற்றுவதால் மட்டும் எந்த அணியும் உயர்ந்ததில்லை. காரணம் அறிந்து ஒருவரைத் தேர்ந்து, அவருக்கு முழு அதிகாரம் அளித்து, முதற் தோல்விகளின் ஆரவாரத்தில் அவரைக் காத்து நின்ற உரிமையாளர் வாய்த்த இடங்களிலேயே தலைமை வேர்கொண்டது. ஒரு வெற்றி, பத்துத் தோல்வி, ஒரு சமன் என்று சீரழிந்திருந்த கிரீன் பே அணியை 1959-இல் ஏற்று முதல் பருவத்திலேயே வெற்றிப் பாதைக்குத் திருப்பிய வின்ஸ் லொம்பார்டியும் இதற்கு விலக்கல்லர். பயிற்சியாளர், பொது மேலாளர் என்ற இரு பொறுப்புகளும் ஒருங்கே அவர் கையில் ஒப்படைக்கப்பட்டிருந்தன. இன்று சூப்பர் பௌல் கோப்பை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அடுத்த கறுப்புத் திங்களன்று பயிற்சியாளர் ஒருவரின் வீழ்ச்சிச் செய்தியைப் படிக்கும் ரசிகர்கள், அவர் எத்தனை ஆட்டங்களில் தோற்றார் என்று கேட்பதோடு நிறுத்திவிட வேண்டாம். அவருக்கு எத்தனை பருவங்கள் கொடுக்கப்பட்டன, எத்தகைய வீரர்கள் கொடுக்கப்பட்டனர், எவ்வளவு அதிகாரம் கொடுக்கப்பட்டது என்ற மூன்று கேள்விகளையும் அந்த உரிமையாளரிடம் கேளுங்கள். அவற்றுக்கு நேர்மையான விடை சொல்ல முடியாதவர், பயிற்சியாளரை மாற்றும் உரிமையைச் சட்டத்தால் பெற்றிருக்கலாம், தர்மத்தால் பெற்றவரல்லர்.